தவணை

மண்டூரில் மூன்றாவது ஒழுங்கை.
என் மோட்டார்சைக்கிள் சத்தத்துக்கே
கதவுகள் சாத்திக்கொள்ளும்.
நாய்கள் மட்டும்தான் முன்னால் வரும்.

அன்று வந்தது ஒரு குட்டி.
குரைக்கவில்லை. வாயோரம் எச்சில் கயிறாய்த் தொங்கியது.
கெண்டைக்காலில் ஒரு கவ்வு.
பிறகு வேலிக் கம்பைக் கடித்தது, என் ரயரைக் கடித்தது,
எங்கே போகிறோம் என்று தெரியாததுபோல்
வாவிக்கரைப் பன்புல்லுக்குள் போனது.

நாலு பல். ஒரு பொட்டு இரத்தம்.
"சும்மா கீறல்" என்றேன்.
கணக்குப் புத்தகத்தை விரித்தேன்.

கோமளேஸ்வரி மூன்று தவணை பாக்கி.
நான் வந்தால் எப்போதும் வீட்டில் இல்லாதவள்.
அன்றைக்கு வெளியே ஓடிவந்தாள்.
குழாயடிக்கு இழுத்துப்போய்
காற்சட்டையை முழங்காலுக்கு மேலே உருட்டி
கையில் சொப்பின் பையைச் சுற்றிக்கொண்டு
உடுப்புச் சோப்பை இரண்டாய் உடைத்தாள்.
"மணியைப் பாருங்க தம்பி. கால் மணித்தியாலம்.
ஒரு நிமிசம் குறையப்படாது."

தண்ணீர் ஓடியது.
பக்கத்து வளவுக்காரர் கோப்பித்தூள் கொண்டுவந்தார்.
இன்னொருவர், கடிக்குப் பார்வை பார்க்கிற ஆளின்
நம்பரைத் தேடிக்கொண்டு நின்றார்.
"கொண்டு போங்க அத" என்றாள், தலை நிமிராமல்.
பொல்லோடு ஓடிய பெடியன்களுக்கும் கேட்கிற மாதிரி:
"கிட்டப் போகாதீங்கடா, பிஎச்ஐ ஐயாவுக்குக் கோல் எடுங்க!"

ஆறாம் நிமிடம் காலை இழுத்தேன். விடவில்லை.
ஏழாம் நிமிடம் சொல்லத் தொடங்கினாள்.

அண்ணனுக்கும் குட்டிதானாம்.
நகமா பல்லா, அவனுக்கே தெரியாது.
மஞ்சள் பூசிவிட்டுத் தோணிக்குப் போனான்.
கீறல் காய்ந்தது, வடுவும் போனது.
அது போகவில்லை.
இரத்தத்தில் ஓடாதாம் அது.
நரம்பைப் பிடித்துக்கொண்டு நடக்குமாம்,
நாளுக்கு ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை,
இருட்டில் விளக்கில்லாமல்
வயல் வரம்பால் வருகிற ஆள் மாதிரி,
காலிலிருந்து தலைக்கு.
வரம்பில் வைத்து மறிக்கலாம்.
வாசற்படி ஏறினால் பெரியாஸ்பத்திரியிலும் மருந்தில்லை.

"ரெண்டு மாசம். மறுகா ஒருநாள் விடிய
தேத்தண்ணிக் கோப்பையைக் கண்டு கத்தினான்.
வாவியில கிடந்து வளந்தவன் தம்பி,
தண்ணிப் பக்கம் முகத்தத் திருப்பயில்ல."

புத்தகம் விரித்தபடி கிடந்தது.
கடன் பெற்றவர்: க. குகதாரணன். வலை வாங்க.
பிணை: சகோதரி.
இரண்டு வருடமாக நான் வாசிக்கிற பெயர்.

பதினைந்து. துணியால் கட்டப் போனேன்.
"கட்டப்படாது, திறந்து கிடக்கட்டும்.
ஓடுங்க, பாதை வெளிக்கிடப் போகுது."

பாதை மெல்லத்தான் போனது.
குருமண்வெளிக் கரை வருவதாயில்லை.
தண்ணீரைப் பார்த்தேன். பார்க்க முடிந்தது.
எச்சிலை விழுங்கிப் பார்த்தேன்.
இன்னொரு முறை.
இன்னொரு முறை.

களுவாஞ்சிக்குடியில் காயத்தைச் சுற்றிக் குத்தினார்கள்,
பிறகு புயத்தில்.
தாதி ஒரு அட்டை தந்தாள், நாலு திகதி எழுதி.
"ஒண்டும் தவறப்படாது. புண் ஆறினாலும் வரணும்.
நல்லாத்தானே இருக்கன் எண்டு நிண்ட ஆக்கள்தான்…"
முடிக்காமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

தவறப்படாது என்று
நானும்தான் சொல்கிறேன், ஒழுங்கை ஒழுங்கையாய்.
அந்தக் குரலில் இல்லை.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு மண்டூர் போனேன்.
கதவு சாத்தியிருந்தது.
குழாயடியில் பாதிச் சோப்பு, காய்ந்து வெடித்து.
புத்தகத்தை எடுக்கவில்லை என்று சொல்ல ஆசைதான்.
எடுத்தேன். பக்கத்தைப் புரட்டினேன்.
பெயரைக் கூப்பிட வாய் வரவில்லை.

வீட்டில் இல்லாதவள்
கதவுக்கு உள்ளேயிருந்து கேட்டாள்:
"நாலாவது எப்ப, தம்பி?"