மணிக்கு நாலு துகள்

திங்கள் மாலை லூர்திஸ் மெடெய்ரோஸ்
வாரத்தை எழுதி முடித்திருந்தாள்:
எங்கே திரும்ப வேண்டும், எவ்வளவு நேரம் வெறிக்க வேண்டும்,
வெயில் பட்ட விலாவை எப்போது ஆறவிட வேண்டும்,
கதிர்வீச்சுப் பட்டையைக் கடக்கையில்
எத்தனை மணிக்குக் கண்ணைப் பொத்திக்கொள்ள வேண்டும்.
கான்பெராவின் தட்டிலிருந்து
கட்டளைகள் ஏறிப் போயின.

புதன், இரவு இரண்டே கால்.
பர்லிங்டனில் பனி கொட்டுகிறது.
தலையணைக்கடியில் போன்:
சூரியன் சீறிவிட்டது.
அவள் மூக்குக்கண்ணாடியைத் துழாவுவதற்குள்
அது தானாகவே கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

மூன்று நாள்.
பால் எப்போது அடங்கும் என்று அடுப்படியில் நிற்பவர் போல
புரோட்டான் கோட்டைப் பார்த்துக்கொண்டு
ஹல்வர்சன் நிற்கிறார்.

அவள் அழிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள்.
எப்போதோ வெடித்துச் சிதறிய விண்மீன்
செவ்வாய் வரை பொறுக்கும்.
எண் மட்டுமே உள்ள அந்த மங்கல் புள்ளிதான்…
மணிக்கு நாலே நாலு துகள்.
இருபது மணி நேரம் ஒதுக்கியிருந்தாள்.
எண்பதும் வந்திருக்கும்,
அத்தனை தூரம் வந்து
மூடிய இமையில் விழுந்திருக்கும்.

ஞாயிறு பின்னிரவில் ஏழு மணி நேரம் தேறுகிறது.
அதை அந்தப் புள்ளிக்கே வைக்கிறாள்.
ஹல்வர்சன் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
இருபத்தெட்டு வரலாம்.

வெளியே, வண்டி மேல்
முழங்கை ஆழம் பனி.
சுரண்டத் தொடங்குகிறாள்.