சேதம் ஏதுமில்லை

அந்திரித்சேனாவைத் தாண்டியும்
வளைந்து வளைந்து ஏறுகிறது சாலை.
கடைசித் திருப்பத்தில் பேருந்து இருமி நிற்க
எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள்.
கோயிலைக் காணோம்.
மலையுச்சியில் ஒரு வெள்ளைக் கூடாரம்,
சர்க்கஸ் ஒன்று வழிதவறி
ஏறி வந்துவிட்டதுபோல.

"இதற்கா ஆறு யூரோ?"
லியோனிலிருந்து வந்த பெரியவர் கேட்டார்.
எவாந்தியா மீதிச் சில்லறையை
எண்ணி வைத்தாள்.
பத்தொன்பது ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு
அவளிடம் இருப்பது ஒரே பதில்:
"உள்ளே காற்று அடிக்காது.
தொப்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை."

உள்ளே தூண்கள்
இரும்புச் சாரத்தைப் பிடித்தபடி நின்றன,
அறுவை முடிந்து
முதல்முறை எழுந்து நிற்பவர்களைப் போல.

ஸ்ட்ராட்டிஸ் குரலை உயர்த்தினான்.
கொள்ளைநோயிலிருந்து காத்ததற்காக
அப்போலோவுக்கு எழுப்பியதாம்.
உதவிக்கு வருபவன் என்று பெயர் அவனுக்கு.
மற்ற கோயில்கள் கிழக்கே பார்க்க
இது மட்டும் வடக்கே.
உள்சுவரில் ஓடிய சிற்பப் பட்டை
இப்போது லண்டனில் ஓர் அறையில்.
"அதற்கும் கூரை, இதற்கும் கூரை"
என்று சொல்லி
சிரிக்க இடம் விட்டான்.
யாரும் சிரிக்கவில்லை.

அப்போது காற்று எழுந்தது.
கூடாரம் மூச்சை இழுத்து
அடக்கி வைத்து
விட்டது.
எவாந்தியா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.
தென்மேற்கு மூலைக் கம்பிவடம்
நேற்றைவிடக் கால் சுருதி இறங்கியிருக்கிறது.

துணி போர்த்தியபோது அவளுக்கு ஏழு வயது.
வெயிலில் இதைப் பார்த்த ஞாபகம்
ஒன்றே ஒன்று:
முதுகைச் சாய்த்துத் தக்காளி தின்றாள்,
கல் சுட்டது.
அது தூண்தானா
வழியில் கிடந்த ஏதோ பாறையா
என்று இப்போது சத்தியம் பண்ண முடியாது.

மூன்று வாரம் முன்பு ஆலங்கட்டி மழை.
அதிலிருந்து கூரையில் ஒரு துளை,
சட்டைப் பொத்தான் அளவு.
அதன் வழியே இறங்கும் வெளிச்சப் பொட்டு
காலையில் மேற்கு வரிசையின் நான்காம் தூணில் இருக்கும்.
பகலெல்லாம் தரையில் ஊர்ந்து
விரிசல்களில் விழுந்து எழுந்து
மூடும் நேரத்துக்குக் கிழக்கு வரிசையில் ஏறும்.
அதைப் பார்த்துத்தான்
அவள் மதியச் சாப்பாட்டைப் பிரிப்பது.

லியோன் பெரியவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.
கயிற்றுக்கு இப்பால் நின்று
உள்ளங்கையை நீட்டினார்.
விழுந்தது.
கொஞ்ச நேரம் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார்.
பிறகு மனைவியை அருகே இழுத்து
அவள் கையில் ஊற்றினார்.
ஸ்ட்ராட்டிஸ் இன்னும்
கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டிலேயே இருந்தான்.

விதி தெளிவானது. துளை கண்டால் எழுத வேண்டும்.
எழுதினால் கலாமாட்டாவிலிருந்து
பசையும் ஏணியும் ஒட்டுத்துணியுமாக
ஆள் வருவான்.
மழைநீர் இந்தக் கல்லைத் தின்னும் என்பது
அவளுக்குத் தெரியாததல்ல.
சீட்டறைக் கதவுக்குப் பின்னால்
ஒரு நீல வாளி தயாராக இருக்கிறது.

பேருந்து இறங்கிப் போனபின்
பதிவேட்டைத் திறந்தாள்.
வருகை: நாற்பத்தொன்று.
காற்று: தென்மேற்கு, மிதம்.
வடம்: ஒன்றை முறுக்க வேண்டும்.
சேதம்:

பேனா நின்றது.
கிழக்குத் தூணில் ஏறிய பொட்டுக்கு
இன்னும் ஒரு சாண் மிச்சமிருந்தது.

ஏதுமில்லை
என்று எழுதினாள்.
சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு
அது ஏறி முடிக்கட்டும் என்று
உட்கார்ந்திருந்தாள்.