ஒலி ஏழில்

வானொலியில் அவனுக்கு முகம் கிடையாது.
வியாழன் இரவு எட்டேகாலுக்கு
மூன்று தட்டு.
அவ்வளவுதான் கைத்தடி.
கேட்டதும் கள்ளநோட்டு அடிப்பவன் குரல் உடைந்துபோகும்.
நாற்பது பைசா நாவலின் அட்டையிலும்
முதுகைத்தான் வரைந்தார்கள்:
தொப்பி, மழை, வழுக்கும் சந்து.

இப்போது முகம் வந்துவிட்டது.
முகத்துக்கு மட்டும் எட்டுக் கோடி என்று
போஸ்டர் ஒட்ட வந்த பையன் சொன்னான்.
தடிக்குள் வாள், வாளுக்குள் விளக்கு,
சித்திரை வெயிலில் கறுப்புக் கோட்டு.
திருக்காட்டுப்பள்ளி ஜனம் முதல் பாதி முழுக்க
முறுக்கு வாங்க எழுந்துபோய்க்கொண்டிருந்தது.
நான் மேலே, கண்ணாடிக்குப் பின்னால்,
ஒலியை ஏழில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.

இடைவேளை முடிந்து பதினான்காம் நிமிடம்.
ஆற்று மணலில் பதுங்கி நிற்கிறான் நாயகன்.
இருட்டு. சில்வண்டு.
தூரத்தில் ஒரு லாரி.

அந்த லாரியைப் படக்குழு கொண்டுவரவில்லை.
பூண்டிக்கு மேற்கே, கொள்ளிடக் கரையில்
ஷூட்டிங் நடந்த வாரம்
ஹெட்போன் மாட்டிய ஒரு பெண்
‘ரெண்டு நிமிஷம் யாரும் பேசாதீங்க,
ராத்திரிய மட்டும் எடுத்துக்கிறேன்’ என்று
மைக்கை நாணல் பக்கம் நீட்டினாளாம்.
ராத்திரி அதன் போக்கில் வந்தது:
ஓட்டை சைலன்சர்,
மூன்றாம் கியரில் ஒரு இருமல்,
பாலத்து மேட்டில் முனகல்.
பாரம் ஏற்றிய சத்தம்.

அரங்கம் அரை நொடியில் கண்டுபிடித்தது.
‘டேய், இன்னாசி வண்டிடா!’
சிரிப்பு. விசில்.

இன்னாசி என் அக்கா புருஷன்.
வண்டி அவனுடையதில்லை, ஓட்டுவது மட்டும்தான்.
வண்டிக்காரர் பெயரை
எங்கள் ஊரில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.
நானும் இங்கே எழுதவில்லை.

அடுத்த காட்சியிலிருந்து
பதினான்காம் நிமிடம் வந்தால்
என் கை ஏழை நான்காக்கியது.
அக்காவுக்கு இரண்டு பெண்கள், மூத்தவள் நர்சிங் படிக்கிறாள்.
நான்கில் வைத்தால் லாரி சில்வண்டோடு கலந்துவிடும்.
நாயகன் எதைக் கேட்டுத் திரும்புகிறான் என்று
ஒருவருக்கும் விளங்காது.
ஒன்பது காட்சி இப்படி ஓடியது.
திருட்டுக்கு உடந்தை என்று நீங்கள் சொல்லலாம்.
ஒலியளவு என்று
நான் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை இரவுக் காட்சி.
கூட்டம் இந்த நிமிடத்துக்காகவே வந்ததுபோல
முறுக்கைக் கடிக்காமல் வைத்திருந்தது.
இறக்கினேன்.
‘ஆப்பரேட்டர்! சவுண்டு!’
முதலில் ஒருவன். பிறகு பெண்கள் வரிசை.
பிறகு யாருமில்லை.
கீழே எங்கிருந்தோ,
இரும்பு நாற்காலியின் கைப்பிடியில்,
மோதிரம் போட்ட விரலாக இருக்க வேண்டும்,
மூன்று தட்டு.

திரையில் தடி இன்னும் தரையைத் தொடவில்லை.

யாரென்று பார்க்க எழுந்தேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதுகுகள்.
முந்நூறு முதுகுகள்.

ஏழுக்கு ஏற்றினேன்.
கை ஏன் அங்கேயே நிற்கவில்லையோ, ஒன்பதுக்கு.
இன்னாசி வண்டி சுவரை உரசிக்கொண்டு போனது.
யாரும் சிரிக்கவில்லை.
உத்தரத்திலிருந்து ஒரு புறா கிளம்பி
எட்டுக் கோடி நெற்றியைக் கடந்து
எதிர்ச் சுவரில் முட்டிக்கொண்டது.

திங்கட்கிழமை சைலன்சரை மாற்றிவிட்டார்கள்.
படத்தை அவரும் பார்த்திருக்கிறார்.

அக்கா என்னோடு பேசுவதில்லை.
இரவு இரண்டரைக்கு
எங்கள் தெரு நாய்
ஒன்றுமே போகாத ரோட்டைப் பார்த்துக் குரைக்கிறது.
அலமாரியில் எவர்சில்வர் தம்ளர்
தன் பக்கத்துத் தம்ளரை லேசாகத் தொடுகிறது.
விளக்கைப் போடாமல்
எண்ணப் பழகுகிறேன்.
நேற்று ஐந்து.