மட்டைக் கம்பனி

சனிக்கிழமை. பாசையூரில் காற்று, நண்டு வரத்து இல்லை.
ஐஸ் அறைக்கு முன்னால் மேசைகளை ஒதுக்கி
பழைய பெட்டிகளை வெட்டத் தந்தார்கள்.
கத்தரிக்கோல் மூன்று, நைலோன் நூல் ஓர் உருண்டை,
உடுப்புக் கொழுவுகிற கிளிப்புகள்.
"கதைக்க வேண்டாம், செய்யுங்கோ" என்றாள்
கொழும்பிலிருந்து வந்த தர்மினி.
"உங்கட கம்பனியை இந்த நிலத்தில கட்டுங்கோ."

நான் கணக்கன்.
கம்பனி என் கொப்பிக்குள் இருக்கிறதென்று
பன்னிரண்டு வருடம் நினைத்திருந்தவன்.
மட்டையில் என் மேசையைச் செய்தேன்,
சும்மா சொல்லக்கூடாது, லாச்சியோடு.
முதலாளி நேசராசா தன் அறையைச் செய்தார்.
அது ஐஸ் அறையை விடப் பெரிதாய் வந்தது.
ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு அவரே சிரித்தார்.

அடுத்தது ஆள் மாற்றம்.
நண்டு கொண்டுவருகிறவர் முதலாளி.
நிறுக்கிறவள், கோது உடைக்கிற எமில்டா.
கூடை நிறையக் கிளிப்புகள்.
மட்டைத் தராசில் வைத்தாள், எழுதினாள்,
"அடுத்தாள்" என்றாள்.

"பொறு பிள்ளை, எத்தினை கிலோ?"
"எழுதியாச்சு."
"எனக்குத் தெரியேல்லையே."
"ஓம்" என்றாள். "தெரியாதுதான்."

ஐஸ் மெஷின் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

தராசின் முகம் எப்போதும் எங்கள் பக்கம்.
யாரும் தீர்மானித்ததில்லை.
பிளக் அந்தச் சுவரில் இருந்தது, அவ்வளவுதான்.
அவ்வளவுதான் என்று
நானும் என் சிவப்புப் பேனையிடம் சொல்லிவந்தேன்:
எட்டு தசம் நாலு என்று தராசு காட்டும்,
ஈரத்துக்குக் கழித்து எட்டு என்று எழுதுவேன்.
அந்த தசம் நாலுக்கு ஒரு முகம் இருக்குமென்று
கொப்பியில் எங்கும் கோடு போடவில்லை.

எமில்டா
ஈரக் கையால்
மட்டைத் தராசைத் திருப்பி வைத்தாள்.
பெட்டியில் இருந்த மீன் கம்பனிப் பெயர்
தலைகீழாய் என்னைப் பார்த்தது.
தர்மினி விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை.
பிளேன்ரீ வந்தது.

திங்கட்கிழமை நாலு மீற்றர் வயர் வாங்கினோம்.
உண்மைத் தராசு திரும்புகிறபோது கிறீச்சிட்டது,
அடியில் பன்னிரண்டு வருட உப்பு.
சவிரிமுத்து அண்ணை குனிந்து பார்த்தார்.
கண்ணாடி கொண்டுவரவில்லை.
"தம்பி, என்ன போட்டிருக்கு?"

வாய் திறந்து சொன்னேன்,
தசத்தோடு.

குறைகிற காசை எங்கே எழுதுவதென்று
முதலாளி இன்னும் சொல்லவில்லை.
மட்டைக் கம்பனி ஐஸ் அறை மூலையில் ஊறிக் கிடக்கிறது.
அவருடைய அறைதான் முதலில் சரிந்தது.
என் லாச்சியைத் திறந்து பார்த்தேன்:
ஒட்டுப்பசை, ஒரு கிளிப்பு.