பால்சட்டி மூடி

மே மாதம்.
மேலே ஒரு சாண் உருகி
அதற்குக் கீழே குளிர்காலம் அப்படியே கிடக்கிற புல்வெளி.
பார்த்தால் தரை. மிதித்தால் கூழ்.

என் பைக்குக்கு வலப்பக்கம் சாயத் தெரியாது.
செய்தவன் ஒரே ஒரு கால் வைத்தான்,
அதையும் இடப்பக்கம் வைத்தான்.
நூற்றைம்பது கிலோ, தடுப்பூசிப் பெட்டி தனி,
அத்தனையும் இறங்குவது
ஒரு பிஸ்கட் அகலத்தில்.
சோம் ஆபீசின் சிமெண்டில் அது கால்.
இங்கே ஆணி.

எனக்குத் தெரியாததில்லை.
குதிகாலால் முதலில் மண்ணைக் கேட்க வேண்டும்.
முன்சக்கரம் மேட்டைப் பார்க்க வேண்டும்.
கியரில் விட்டு, ஹேண்டிலை இடப்பக்கம் ஒடித்து,
தட்டைக்கல் ஒன்று கிடைக்கும்வரை
இறங்காமல் சுற்ற வேண்டும்.
போன வருஷம் ஆற்றங்கரையில் மண் காலை வாரியது;
கிளட்ச் பிடி முறிந்து
எழுபது கிலோமீட்டர் இரண்டாவது கியரிலேயே வந்தவள் நான்.

ஆனால் புரெவ்சுரேன் தலைத்துணியை அவிழ்த்து வீசிக்கொண்டு
கூடாரத்திலிருந்து ஓடி வந்தாள்.
பெண்குதிரை படுத்துவிட்டது,
குட்டியின் ஒரு கால் மட்டும் வெளியே.
ஸ்டாண்டை உதைத்துவிட்டு ஓடினேன்.

தோள்வரை கை உள்ளே.
மடங்கிய முழங்கால் விரல்நுனியில் பட்டு நழுவுகிறது.
குதிரை முக்கும்போதெல்லாம் என் எலும்பு நெரிகிறது.
இதற்கு நடுவில், வெட்கமாக இருக்கிறது சொல்ல,
காதில் பாதி வெளியே இருந்தது:
இப்போது விழும்.
இதோ, இப்போது.
நாற்பது புட்டி.

குட்டி வந்தது.
நக்கி முடிப்பதற்குள் எழப் பார்த்தது.
நான்கு கால் இருந்தும்
நான்கு திசைக்கு விழுந்தது.

கையைக்கூடக் கழுவாமல் வெளியே போனேன்.
பைக் நின்றுகொண்டிருந்தது.
நான் விட்டதைவிடக் கொஞ்சம் அதிகச் சாய்வு,
ஏதோ ரகசியம் கேட்பதுபோல்.
பக்கத்தில் முழங்கைவரை சேறோடு மிச்சித்மா, ஏழு வயது,
வானத்தில் வேலை இருப்பவள்போல் நின்றாள்.
ஸ்டாண்டுக்கு அடியில்
வட்டமாக, அலுமினியமாக, ஏதோ மின்னியது.

உள்ளே புரெவ்சுரேனின் குரல்:
மூடி எங்கே? பால் பொங்குகிறது, மூடி எங்கே?
கட்டிலுக்கு அடியில் தேடினாள்.
சாண விராட்டிப் பெட்டியைக் கவிழ்த்தாள்.
கடைசியில் நாயைத் திட்டினாள்.

எப்படித் தூக்கினாய், என்றேன் மெல்ல.
தூக்கவில்லை.
அந்தப் பக்கமிருந்து காற்று தள்ளும்போது
கால் கொஞ்சம் லேசாகும்.
அப்போது உள்ளே தள்ளினேன்.
மூன்று காற்று ஆயிற்று.

மூடியை எடுத்தால் பைக் விழும்.
எடுக்காவிட்டால் நாய்க்கு உதை விழும்.
நான் படித்தவள்; அரசாங்க முத்திரை வைத்திருப்பவள்.
ஒன்றும் சொல்லவில்லை.
பால் பொங்கி, அடிப்பிடித்து, வாசம் வெளிவரை வந்தது.

தேநீர் தரும்போது அவள் மன்னிப்புக் கேட்டாள்.
நன்றாக இருக்கிறது, என்று
என் ஸ்டாண்டின் கருகலை
இரண்டு கிண்ணம் குடித்தேன்.

கிளம்பும்போது நான் பைக்கை நிமிர்த்த,
அவள் மூடியை உருவி, புல்லில் துடைத்து,
சேணக் குவியலுக்குப் பின்னால் வைத்தாள்,
ஒரு நாய் எங்கே வைக்குமோ அங்கே.
நடுவில் பிஸ்கட் அளவுக்கு ஒரு பள்ளம்.

இப்போது ஒரு சதுரப் பலகை வைத்திருக்கிறேன்.
ஓட்டை போட்டு, கயிறு கட்டி,
இருக்கையிலிருந்தே இறக்கலாம், இழுத்துக்கொள்ளலாம்.
ஜூனில் அந்த வழியே போனபோது
கயிற்றை மிச்சித்மா நிறைய நேரம் பார்த்தாள்.
காற்று வேண்டாமா இதற்கு, என்றாள்.
குட்டி தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அடுப்பில் மூடி தடதடவென்று ஆடியது.
அன்றிலிருந்து சரியாக உட்காருவதில்லை,
நாயின் பல் பட்டிருக்கிறது பார், என்றாள் புரெவ்சுரேன்.

வாசலில் படுத்திருந்த நாய்
தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.