அடியில் இருக்கும் பெட்டி

இரவு பதினொன்றேகால். சாத்தாங்காடு யார்டு.
மணலிப் பக்கம் காற்று திரும்பும்போதெல்லாம்
அழுகின முட்டை வாசனை.
கையில் டேலி ஷீட், பையில் இன்ஹேலர்,
ரத்தத்தில், காலை இட்லிக்குப் பின் போட்ட
நாற்பது மில்லிகிராம் பிரெட்னிசலோனின் மிச்சம்.

ஸ்டான்லியில் சொன்னார்கள்:
மூச்சுக்குழல் தணியும், முகம் கொஞ்சம் உப்பும்.
கொஞ்சமா?
கேட்டில் இருக்கும் தில்ஷாத் நேற்று என்னிடமே கேட்டாள்,
இந்த அடையாள அட்டை யாருது என்று.

விலங்கியல் படித்தவள் நான், பாரதி மகளிர் கல்லூரி.
எட்டு மதிப்பெண் கேள்வியில் இதை எழுதியிருக்கிறேன்,
பாதிப் பக்கம் படம் வரைந்து.

கொழுப்பில் கரையும் சின்ன உரு அது.
செல்லின் சவ்வைத் தட்டிக் கேட்பதில்லை,
போண்டா எண்ணெய் பேப்பரில் ஊறுகிற மாதிரி
உள்ளே வந்துவிடும்.
உள்ளே ஏற்பி காத்திருப்பான்,
எழவிடாமல் பிடித்திருக்கும் துணைப் புரதங்களோடு.
உரு வந்து மடியில் பொருந்தியதும் பிடி நழுவும்.
உட்கருவுக்குள் போவான்,
தன்னைப் போல இன்னொருவனோடு ஜோடி சேர்வான்,
துத்தநாகம் முடிச்சுப் போட்ட விரல்களால்
டி.என்.ஏவைத் தடவிப் படிப்பான்:
ஆறு எழுத்து. மூன்று சும்மா.
மறுபடி அதே ஆறு, கண்ணாடிக்குள் பார்த்தது போல.

இதுவரை என் வேலைதான்.
நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கட்டத்துக்குள் ஒற்றை எண்.
படி, ஒப்பிடு, டிக் போடு, தூக்கச் சொல்.

அன்று தேர்வில் நான் எழுதாதது ஒன்று உண்டு.
அந்த முகவரி ஓரிடத்தில் இல்லை,
லட்சக்கணக்கில் இறைந்து கிடக்கிறது.
மீசை முளைக்கவைக்கும் சுரப்பின் ஏற்பியும்
உப்பைப் பிடித்துவைக்கும் சுரப்பின் ஏற்பியும்
படிப்பது ஏறக்குறைய அதே எழுத்துகளைத்தான்.
பிறகு எப்படி,
நுரையீரலில் வீக்கத்தை அடக்கு என்றவன்
கல்லீரலில் சர்க்கரை செய் என்கிறான்?
எலும்பில், கட்டினது போதும் என்கிறான்?
முந்தாநாள் எனக்கு இருநூற்று நாற்பத்தொன்று.

"இன்னாக்கா இது?"
ஹெட்லைட்டை அணைக்காமல் கத்துகிறான் ரொசாரியோ.
எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒன்பது மணிநேரம் நின்று வந்த டிரெய்லர்.
"நம்பர் கரீக்டா கீது. பொட்டி எங்க?"

எழுத்து சரி. இலக்கம் சரி. கட்டத்து எண்ணும் சரி.
பெட்டி டி வரிசையில், அடியில்.
மேலே நான்கு.

யார் அடுக்கியது? போன மாதம், மழையில், எந்த ஷிஃப்டோ.
எது வெளியே நிற்கும், எது புதையும் என்பது
அன்றைக்கே முடிந்துபோன பேச்சு.
இன்று சீட்டோடு வருகிறவன்
எட்டுவதைத்தான் எடுக்க முடியும்.

நான் அம்மா வயிற்றில் விரலளவு இருக்கும்போதே
கல்லீரல் தன் பெட்டிகளைத் தனக்கேற்ப அடுக்கத் தொடங்கிவிட்டது.
நுரையீரல் வேறு மாதிரி.
மிச்சமெல்லாம் நூற்கண்டாய்ச் சுற்றி, மூடி.
சில இடங்களில் மட்டும்
முன்னமே வந்த ஏதோ ஒரு புரதம்
நெம்பித் திறந்து வைத்திருக்கும்.
ஏற்பி அங்கேதான் பெரும்பாலும் உட்காருவான்,
அந்தந்த ஊர்க் கூட்டாளிகளைக் கூப்பிடுவான்,
படியெடுக்கிற வேலை அங்கே தொடங்கும்.

மாத்திரையைத் திட்டிக்கொண்டிருந்தேன் இத்தனை நாள்.
அது வெறும் சீட்டு.

ரொசாரியோ வண்டிக்கு அடியில் தார்ப்பாய் விரித்துவிட்டான்.
இருக்கிற ஒரே ரீச் ஸ்டாக்கர் ஏ வரிசையில்.
முனவ்வர் அதை ஓட்டி வந்து
நான்கையும் இறக்க மூன்றரை ஆகும்.

மூச்சை இழுத்துப் பார்க்கிறேன். விசில் சத்தம் இல்லை.
மணலி நாற்றம்
தடையில்லாமல், முழுசாக,
அடி வரைக்கும் போகிறது.