இடது கன்னம்

நவம்பரில் சூரியன் போன நாள்முதல்
தபால்காரி ஓட்னி
முகத்தைப் பங்கு பிரித்துவிட்டாள்.

இடதுக்கு
ஓஸ்லோவிலிருந்து மருமகள் அனுப்பிய
இரண்டாயிரம் குரோனர் கிரீம்,
விரல் நுனியில் உளுந்தளவு.
வலதுக்கு
மாட்டு மடிக்குத் தடவும் களிம்பு,
கூட்டுறவுக் கடையில் வாளியாகவே கிடைக்கும்.

கடற்காற்று ஓரவஞ்சனை செய்யவில்லை.
ட்ரொம்சோவுக்குச் சூரியன் திரும்பிய அன்று
ஜன்னலோரம் நின்றாள்:
இரு பக்கமும் அதே சிவப்பு,
அதே சுருக்கம்.

"எந்தப் பக்கம் விலை ஒசத்தி? சொல்லு."

ஸ்டைனர்
மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
பார்த்தான்,
பார்த்தான்.
அடுப்பில் காப்பி பொங்கி வழிந்தது.
முப்பத்தோரு வருஷத்தில்
இவ்வளவு நேரம் பார்த்ததேயில்லை.

"வலது" என்றான்,
தப்பாக.

இரண்டாயிரம் செரித்துவிட்டது அவளுக்கு.
காலி ஜாடியில்
இப்போது அவனுடைய தூண்டில் முட்கள்.